பாதிக்கப்பட்ட ஆண்களுக்கு என்ன உதவி கிடைக்கிறது: ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சமூகப்பணி முதுகலை இறுதியாண்டு மாணவி நான். பாலியல் வன்முறைக்கு ஆளான ஆண்களுக்கு எப்படிப்பட்ட உதவி கிடைக்கிறது என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன். 30 பேரை நேர்காணல் செய்வதாகத் திட்டம். கையில் இருப்பது நான்கு மாதம். "நீங்கள் பாலியல் வன்முறைக்கு ஆளான ஆணா? தொடர்பு கொள்ளுங்கள்" என்று என் கைப்பேசி எண்ணோடும், 18 முதல் 25 வயது என்ற வரம்போடும் சமூக ஊடகத்தில் அறிவிப்புப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. ஒருவரும் வரவில்லை. "ஆண்கள் பேச மாட்டார்கள், தலைப்பை மாற்று" என்கிறார் வழிகாட்டி. பழைய காயத்தைக் கிளறுவதாகாதா என்று நெறிமுறைக் குழு கேட்கிறது. கேள்வித்தாளின் வரைவை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: தலைப்பு இருக்கட்டும். மாற வேண்டியது கேள்வித்தாள். உங்கள் வரைவில் முக்கால்வாசிக் கேள்விகள் என்ன நடந்தது, யார் செய்தார், எத்தனை முறை, எதிர்த்தீர்களா என்றே போகின்றன. உதவியைப் பற்றிய கேள்விகள் கடைசிப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கின்றன. நீங்கள் ஆராயப் போவதோ உதவியை. அதற்குச் சம்பவத்தின் விவரம் தேவையே இல்லை. சம்பவத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர் யாரிடம் போனார், போன இடத்தில் முதலில் என்ன சொன்னார்கள், எது அவரை மறுபடி போகவிடாமல் செய்தது, எது தொடர்ந்து வர வைத்தது? உங்களுக்கு வேண்டிய தரவு இவ்வளவுதான். இப்படித் திருப்பிவிட்டால் குழுவின் ஆட்சேபத்தில் பெரும்பகுதி தானாகக் கரையும். ஆள் கிடைப்பதும் எளிதாகும்.

முதலில், ஏன் யாரும் வரவில்லை என்று பார்ப்போம். உங்கள் அறிவிப்புக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒருவர் தன்னைப் "பாலியல் வன்முறைக்கு ஆளானவன்" என்று முன்பே பெயரிட்டுக்கொண்டிருக்க வேண்டும். பல ஆண்கள் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வதே இல்லை. விடுதியில் நடந்தது "ராகிங்" ஆகிவிடுகிறது, காவலில் நடந்தது "சித்திரவதை" ஆகிவிடுகிறது, மூத்த பெண் ஒருத்தி சிறுவனிடம் நடந்துகொண்டது "அதிர்ஷ்டம்" என்று கேலியாகிவிடுகிறது. சட்டமும் புள்ளிவிவரமும்கூட இதே தவற்றை நெடுங்காலம் செய்தன. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1927 முதல் வைத்திருந்த வரையறைப்படி வன்புணர்வுக்கு ஆளாகக்கூடியவர் பெண் மட்டுமே. அதை மாற்றுவதாக 2012-இல்தான் அறிவித்தார்கள். அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2010-இல் தொடங்கிய தேசியக் கருத்தாய்வில், மற்றவருக்குள் ஊடுருவும்படி வற்புறுத்தப்பட்ட ஆண்கள் வன்புணர்வுக் கணக்கில் வருவதில்லை, தனி வகையில் வருகிறார்கள். வன்புணர்வு எண்ணை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த ஆண்களை அப்படியே தவறவிடுகிறார்கள். உங்கள் இலக்கிய மதிப்பாய்வில் எந்த எண்ணை எடுத்தாலும் பக்கத்திலேயே அதன் வரையறையையும் எழுதிவிடுங்கள்.

ஆகவே பெயரைக் கேட்காமல் செயலைக் கேட்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் மேரி காஸ் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய பாலியல் அனுபவக் கேள்வித்தாள் இந்த வழியைத்தான் காட்டியது: "வன்புணர்வு" என்ற சொல்லை வைத்து எடை போடாமல், இன்னின்னது நடந்ததா என்று கேட்பது. உங்கள் அறிவிப்பை இப்படி மாற்றிப் பாருங்கள்: "உங்களுக்கு விருப்பமில்லாதபோது, அல்லது மறுக்க முடியாத நிலையில் இருந்தபோது, யாராவது உங்களைப் பாலியல் ரீதியாகத் தொட்டோ, தொட வைத்தோ, உறவுக்குக் கட்டாயப்படுத்தியோ இருக்கிறார்களா? சிறுவயதிலா, பெரியவரான பிறகா, செய்தவர் ஆணா பெண்ணா என்பது பொருட்டில்லை. அதைப் பற்றி யாரிடமாவது உதவி கேட்டதுண்டா, அல்லது கேட்க நினைத்து விட்டுவிட்டீர்களா? என்ன நடந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. உதவி தேடிய அனுபவத்தை மட்டும் பேசுவோம்." நீளம்தான். ஆனால் வாசிக்கிறவர் தனக்கு என்ன நேரப்போகிறது என்று முழுதாகத் தெரிந்துகொண்டு வருவார். "கேட்க நினைத்து விட்டுவிட்டீர்களா" என்பதை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். உதவி மையத்தின் வாசலோடு திரும்பியவர்கள்தான் எந்த மையத்தின் பதிவேட்டிலும் இல்லாதவர்கள்.

அறிவிப்பு போன வழியும் தவறு. பொதுவெளிப் பதிவில் ஒருவர் விருப்பம் இட்டாலே நண்பர்கள் பார்க்கிறார்கள். உங்கள் சொந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினால் அவருடைய பெயரும் முகப்புப் படமும் உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்களுடையது அவருக்கும் தெரியும். ஆய்வுக்கென்றே தனி எண், தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். புனைபெயரில் எழுதினால் போதும் என்று அறிவிப்பிலேயே சொல்லுங்கள். ஓர் ஆண் தனியாக நின்று படிக்கக்கூடிய இடங்களில் ஒட்டுங்கள்: கழிவறைக் கதவின் உட்புறம், பால்வினை நோய்ச் சிகிச்சைப் பிரிவு, குடிநோய் மீட்பு மையம், மனநலப் பிரிவின் காத்திருப்பு அறை. ஆலோசகர்கள் மூலமாகவும் ஆள் தேடலாம். ஆனால் "என் ஆலோசகர் சொன்னாரே, மறுத்தால் என்ன நினைப்பாரோ" என்ற தயக்கம் வரும். அதனால் அவர்கள் துண்டுச்சீட்டைக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். யார் உங்களைத் தொடர்புகொண்டார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

வயது வரம்பு 18 முதல் 25 என்று போட்டிருக்கிறீர்கள். இதுதான் ஆளே வராததற்கு மிகப் பெரிய காரணமாக இருக்கலாம். சிறுவயதில் பாதிக்கப்பட்ட 487 ஆண்களிடம் ஸ்காட் ஈஸ்டன் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முதலாக ஒருவரிடம் சொல்லவே சராசரியாக 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. விரிவாகப் பேச 28 ஆண்டுகள். உங்கள் வயதொத்தவர்களிடம் தேடினால் இன்னும் வாயே திறக்காத கட்டத்தில் இருப்பவர்களைத்தான் தேடுகிறீர்கள். மேல்வரம்பை எடுத்துவிடுங்கள்.

இரண்டு வரம்புகளைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போதும் வன்முறை தொடர்கிறவர்களையும், வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களையும் நேர்காணலுக்கு எடுக்க வேண்டாம். முதலாமவருக்கு வேண்டியது ஆய்வாளர் அல்ல, பாதுகாப்பு. இரண்டாமவர் விஷயத்தில், உங்கள் ஒலிப்பதிவை நீதிமன்றம் கேட்கக்கூடும். உங்களிடம் சொன்னதற்கும் சாட்சிக்கூண்டில் சொன்னதற்கும் சின்ன வேறுபாடு இருந்தாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த இருவரையும் வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள். எங்கே போகலாம் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலைத் தயாரிப்பதுதான் ஆய்வின் முதல் மாதம். பலர் இதைப் பின்னிணைப்பு வேலையாக நினைத்துக் கடைசியில் செய்கிறார்கள். என் கணிப்பில் உங்கள் ஆய்வேட்டின் உறுதியான அத்தியாயம் இதுவாகத்தான் இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பகுதியில் உள்ள உதவி எண்கள், மருத்துவமனைப் பிரிவுகள், ஆலோசனை மையங்கள், சட்ட உதவி மையங்கள், தங்குமிடங்கள் அத்தனையையும் ஓர் அட்டவணையில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே: எண் இப்போதும் வேலை செய்கிறதா, எந்த நேரம், எந்த மொழி, கட்டணம், காத்திருப்பு நாட்கள், வயது வரம்பு, "ஆண்களுக்கும் உண்டு" என்று எழுத்தில் எங்காவது இருக்கிறதா, படிவத்தில் ஆணுக்குக் கட்டம் இருக்கிறதா, ஆணைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்றவர் பணியில் இருக்கிறாரா. வாயால் "யாரும் வரலாம்" என்று சொல்லிவிட்டு, சுவரொட்டியிலிருந்து சேர்க்கைப் படிவம்வரை எல்லாவற்றிலும் பெண் உருவமே இருக்கும் இடங்களைப் பார்ப்பீர்கள். சொல்வதற்கும் காகிதத்தில் இருப்பதற்கும் தனித்தனி நெடுவரிசை போடுங்கள்.

பாதிக்கப்பட்டவர்போல் நடித்து உதவி எண்ணை அழைத்துச் சோதிக்கலாம் என்ற யோசனை எழும். வேண்டாம். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் அந்த இருபது நிமிடம் உண்மையான ஒருவருக்கு மணியடித்துக்கொண்டே இருக்கும். அலுவலக எண்ணை அழைத்து, யார் என்று சொல்லி, எல்லோரிடமும் ஒரே வரிசையில் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். எடுக்காவிட்டால் வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை முயன்ற பிறகே "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். அந்தப் பதிவும் ஒரு முடிவுதான்.

மருத்துவமனைகளிடம் கேட்க வேண்டியவை சற்றுக் குறிப்பானவை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டும். 28 நாள் தொடர வேண்டும். ஆண் ஒருவர் நள்ளிரவில் வந்தால் அது கிடைக்குமா? ஹெபடைடிஸ் பி தடுப்பூசி? பிற பால்வினைத் தொற்றுகளுக்கான பரிசோதனை? காயம் தெரியவில்லை என்றால் "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதிவிடுகிறார்களா? காயம் இல்லாமலும் வன்முறை நடந்திருக்க முடியும் என்பது பயிற்சி பெற்றவர்களுக்குத் தெரியும். இன்னொரு கேள்வி சேவை தருபவர்களை உடனே தரம் பிரித்துக் காட்டும்: "தாக்குதலின்போது உடலில் கிளர்ச்சி ஏற்பட்டதாக ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?" விறைப்பும் விந்து வெளியேறுவதும் தொடுகையாலும் அச்சத்தாலும்கூட நிகழக்கூடிய உடல் அனிச்சைகள், அவை சம்மதம் ஆகாது. ராய் லெவினும் வில்லி வான் பெர்லோவும் 2004-இல் வெளியிட்ட மதிப்பாய்வு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆபத்தில் உடல் மரத்து அசையாமல் போவதும் அப்படியே. எவ்வளவு பலசாலிக்கும் நேரும். இந்த இரண்டும் தெரியாத ஆலோசகர் வாயிலிருந்து முதல் அமர்விலேயே தவறான ஒரு சொல் வந்துவிடும். வந்தவர் அதோடு சரி.

30 நேர்காணல் என்ற எண்ணை விடுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் போகும், அழுத்தமான பேச்சானால் இன்னும் அதிகம். நோக்கம் எவ்வளவு குறுகலோ, பேச்சு எவ்வளவு ஆழமோ, அவ்வளவு குறைந்த ஆட்கள் போதும் என்று கிர்ஸ்டி மால்டெருடும் அவர் குழுவினரும் 2016-இல் முன்வைத்த "தகவல் வலிமை" வாதத்தை உங்கள் நியாயமாகக் காட்டலாம். 8 முதல் 10 ஆண்கள், 6 சேவைப் பணியாளர்கள், கூடவே அந்த அட்டவணை. நான்கு மாதத்துக்கு இதுவே கனமான வேலை. டேவிட் லிசாக் 1994-இல் வெளியிட்ட, இன்றும் எடுத்தாளப்படும் ஆய்வு 26 ஆண்களின் நேர்காணல்களை வைத்துத்தான் எழுதப்பட்டது. அவருக்கு உங்களைப்போல் கல்விப் பருவம் முடியும் நெருக்கடி இல்லை. அதில் அவர் பிரித்த கருப்பொருள்களில் ஒன்றை மட்டும் கவனித்துப் படியுங்கள்: தனக்கு நடந்தது வன்கொடுமைதான் என்று ஏற்றுக்கொள்ளவே அந்த ஆண்கள் படும் பாடு. உதவி தேடுவது தள்ளிப்போகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

நேர்காணலுக்கு வருவோம். ஒரு வெள்ளைத்தாளில் கோடு ஒன்று போட்டு, இடது முனையில் ஒரு புள்ளி வையுங்கள். "இந்தப் புள்ளியைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. இதற்கு வலப்பக்கம் இருப்பதைத்தான் நிரப்பப் போகிறோம்" என்று சொல்லுங்கள். முதலில் யாரிடம் சொன்னீர்கள், எத்தனை ஆண்டு கழித்து? அவர் உடனே என்ன சொன்னார், அதே வார்த்தையில் நினைவிருக்கிறதா? அடுத்து எங்கே போனீர்கள்? அங்கே எது சரியாக இருந்தது, எந்த நொடியில் திரும்பிவிடலாம் என்று தோன்றியது? போகாமல் விட்ட இடம் எது? இன்று அதே நிலையில் ஒருவர் இருந்தால் எந்த இடத்தைச் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள்? இந்த ஆறேழு கேள்வி போதும். அவராகவே சம்பவத்தைச் சொல்லத் தொடங்கினால் தடுக்காதீர்கள், கேளுங்கள், தோண்டாதீர்கள்.

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை வரைவிலிருந்து அடித்துவிடுங்கள். "ஏன் அப்போதே சொல்லவில்லை" என்பது ஆய்வாளருக்குத் தகவல் கேள்வி. பதில் சொல்பவருக்கு அது குற்றச்சாட்டு, வாழ்நாள் முழுதும் தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. "சொல்வதற்கு எது தடையாக இருந்தது" என்று கேளுங்கள். சிலர் சிரித்துக்கொண்டே பேசுவார்கள், சிலர் உங்களைச் சீண்டிப் பார்ப்பார்கள், சிலர் அலுவலக அறிக்கை வாசிப்பதுபோல் ஒப்பிப்பார்கள். எதையும் "பாதிப்பு இல்லை" என்று குறித்துவிடாதீர்கள். பாலின ஈர்ப்பைப் பற்றி அவராகச் சொல்லாமல் கேட்க வேண்டாம். பாதிக்கப்பட்ட சிறுவன் வளர்ந்து பிறரைப் பாதிப்பான் என்ற எண்ணத்தைக் குறிப்பாகக்கூட உங்கள் கேள்வியில் நுழைய விடாதீர்கள். அந்த அச்சமே பலரை வாய்மூட வைத்திருக்கிறது. உதவிக்குப் போன இடத்தில் யாராவது அவரிடம் அப்படிச் சொல்லியிருந்தால், அது தரவு, குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்ணாகிய நீங்கள் கேட்கலாமா? கேட்கலாம். ஆணிடம் பேசத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள், பெண்ணிடம் பேச முடியாதவர்களும் இருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஆண் நண்பர் ஒருவரையும் குழுவின் அனுமதியோடு சேர்த்து, தேர்வை வருபவரிடமே விட்டுவிடுங்கள்.

காயத்தைக் கிளறும் கவலைக்கு நெறிமுறைக் குழுவிடம் இரண்டு பதில் வையுங்கள். ஒன்று ஆதாரம்: அதிர்ச்சி அனுபவம் பற்றிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் அனுபவங்களைத் தொகுத்து 2015-இல் அன்னா ஜாஃபியும் குழுவினரும் வெளியிட்ட பகுப்பாய்வு, பங்கேற்றவர்களுக்குச் சிறிது மனவருத்தம் ஏற்படுவதையும், அதே சமயம் பொதுவாகப் பங்கேற்றதைப் பயனுள்ளதாகவே அவர்கள் உணர்வதையும் காட்டுகிறது. மற்றொன்று, காகிதத்தில் எழுதிய நடைமுறை. குழுக்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பார்க்க விரும்புகின்றன, அதில் நியாயமும் இருக்கிறது. அதை இப்படி எழுதலாம். தொடங்கும் முன்பே நிறுத்துவதற்கு ஒரு சைகை பேசிக்கொள்வது. பார்வை ஓரிடத்தில் உறைவது, பதில் தாமதமாவது, மூச்சு மேலோட்டமாவது தெரிந்தால் பதிவை அணைத்துவிடுவது. பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லி, அறையில் தெரியும் பொருட்களின் பெயரைச் சொல்ல வைத்து, குளிர்ந்த நீர் கொடுத்து நிகழ்காலத்துக்கு அழைத்து வருவது. தோளில் கை வைப்பது கூடாது, எவ்வளவு பரிவாக இருந்தாலும். அன்று தொடரலாமா என்பதை அவர் முடிவு செய்வார். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் தொடராதீர்கள். அடுத்த நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் முன்பே அவரிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

வரைவில் பி.எச்.க்யூ.-9 மனச்சோர்வு அளவுகோலையும் சேர்த்திருக்கிறீர்கள். அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் மதிப்பெண் கூட்டும்போது அந்தக் கட்டத்தில் குறியிருப்பதைக் கண்டால் என்ன செய்வீர்கள்? அவர் எதிரில் இருக்கும்போதே அந்த வரியைப் பார்க்க வேண்டும். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி என்று யோசித்ததுண்டா, அதற்கான வழி கையில் இருக்கிறதா" என்று நேராகக் கேட்க வேண்டும். ஆமென்றால் மேற்பார்வையாளரையும் மனநல மருத்துவரையும் அழைத்துவிட்டு, அவர்கள் பொறுப்பேற்கும்வரை கூடவே இருக்க வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். இந்த ஏற்பாடு உங்களால் முடியாதென்றால் அளவுகோலை எடுத்துவிடுங்கள். உங்கள் ஆய்வுக் கேள்விக்கு அது தேவைப்படவும் இல்லை.

இரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதைப் பதிவுக்கருவியை இயக்கும் முன்பே சொல்லுங்கள். ஒரு குழந்தை இப்போது ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் அதைத் தெரிவிக்கச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தலாம். ஆய்வு நடக்கும் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்தபின் "இதை நான் சொல்லியாக வேண்டும்" என்றால், அது அவருக்கு இரண்டாவது துரோகம்.

கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமே பெயரைக் காட்டிக்கொடுக்கும் ஒரே ஆவணமாகிவிடும். வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். கைப்பேசியில் பதிந்தால் மேகச் சேமிப்பை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். தானியங்கி எழுத்தாக்கச் செயலிகள் ஒலியை வெளிச் சேவையகத்துக்கு அனுப்பக்கூடும் என்பதால் கையாலேயே தட்டச்சு செய்யுங்கள். பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடாது. தொழில், ஊர், ஆண்டு, உடன்பிறந்தோர் எண்ணிக்கை நான்கும் ஒரே மேற்கோளில் சேர்ந்தால் அவருடைய மைத்துனர் கண்டுபிடித்துவிடுவார். பயணச் செலவையும் நேரத்துக்கான தொகையையும் பேச்சைத் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள், பாதியில் எழுந்து போகிறவருக்கும் அது முழுதாகச் சேரும். எழுத்தாக்கம் முடிந்து மூன்று வாரம்வரை, காரணம் சொல்லாமலே விலகலாம் என்று தேதியோடு குறிப்பிடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு நேர்காணலுக்கு மேல் வேண்டாம். இரவில் தனியே உட்கார்ந்து எழுத்தாக்கம் செய்வதையும் தவிருங்கள். ஒவ்வொரு நேர்காணலுக்குப் பின்னும் அரை மணி நேரம் பேச ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். வழிகாட்டிக்கு நேரமில்லை என்றால் வேறொருவரை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் "பெண்களுக்கே உதவி போதவில்லையே" என்று யாராவது கேட்பார்கள். அந்தப் போட்டிக்குள் இறங்காதீர்கள். பாலியல் வன்முறையால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் பெண்கள்தான். இன்று இருக்கும் உதவி மையங்களில் பலவற்றைப் போராடி எழுப்பியவர்களும் அவர்களே. அந்த மையங்களில் ஆணை உள்ளே விடுவதால் அங்கு தங்கும் பெண்களுக்கு எழும் சங்கடம் என்ன, தனி நேரம், தனி நுழைவு, தனி எண் என்று எதை முயன்றார்கள், எது செலவுக்குக் கட்டுப்படியானது என்று பணியாளர்களிடம் கேளுங்கள். அந்தப் பதில்களை எழுதினால் மையம் நடத்துபவர் ஒருவருக்குப் பயன்படும் அத்தியாயமாகும்.

முடிவுகளை ஒரே பக்கத்தில் எளிய மொழியில் சுருக்கிப் பங்கேற்றவர்களுக்கு அனுப்புங்கள். எந்த முகவரிக்கு, எந்த வடிவில் வேண்டும் என்பதை நேர்காணல் அன்றே கேட்டுவிடுங்கள். மின்னஞ்சலாக அனுப்பினால் பொருள் வரியில் ஆய்வின் தலைப்பைப் போடாமல் "நீங்கள் கேட்ட விவரம்" என்று மட்டும் இடுங்கள். பூட்டிய திரையிலும் பொருள் வரி தெரியும்.